எட்டு வயது அளவு

பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

போனை நீ எடுப்பதில்லை. இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அடித்துப் பார்க்கிறேன். மணி போகிறது, அவ்வளவுதான். அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

நான் நன்றாக இருக்கிறேன். அதே குளிர்பதனக் கிடங்கில்தான் வேலை. உறைந்த மீன் பெட்டிகளை ஏற்றி இறக்குவது. கையுறைக்குள் விரல் மரத்துப்போகும், மற்றபடி குறையில்லை.

வந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் நான் ஒரு சபையில் சேர்ந்தேன். மார்மன் என்று சொல்வார்களே, அவர்கள். அந்தப் பெயரை இப்போது சபையில் யாரும் விரும்புவதில்லை. பிற்காலப் பரிசுத்தவான்கள் என்பதுதான் முறை. உன் மகள், நம் பொடிசு போன பிறகு நான் எந்த நிலையில் ஊரைவிட்டு இந்த வெளிநாட்டுக்கு வந்தேன் என்று உனக்குத் தெரியும். இங்கே ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பையன்கள் வந்து பேசினார்கள். இறந்தவர்களோடு குடும்பம் மறுபடி சேரும் என்றார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

எங்கள் கோயிலில் இறந்தவர்களுக்காக ஒரு சடங்கு உண்டு. உயிரோடு இருக்கும்போது ஞானஸ்நானம் பெறாதவர்களுக்குப் பதிலாக இன்னொருவர் நின்று அதைப் பெறலாம். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் செய்தாயிற்று. மகன் என்ற முறையில் எனக்கே அந்த உரிமை இருந்தது. பொடிசுக்கும் செய்ய ஆசைப்படுகிறேன். அவள் விவரமெல்லாம் கொடுத்துவிட்டேன். ஆனால் சமீபத்தில் பிறந்தவர்கள் என்றால் மிக நெருங்கிய உறவின் சம்மதம் வேண்டும் என்பது சபையின் விதி. தாய்மாமனுக்கு அந்த இடம் இல்லை, பெற்றவளுக்குத்தான் உண்டு.

சம்மதம் என்று ஒரு வரி எழுதி அனுப்பு அக்கா. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

தம்பி


பிப்ரவரி 24

தம்பிக்கு,

சம்மதம் இல்லை. நீ கேட்ட ஒரு வரி அதுதான். வேறு எதுவும் எழுத வேண்டாம் என்று நீ சொன்னதால் மற்றதையும் எழுதுகிறேன்.

போனை எடுக்க மாட்டேன். எடுத்தால் நீ அழுவாய், நானும் அழுவேன், கடைசியில் ஒன்றும் பேசியிருக்க மாட்டோம். எழுது. எழுத்தில் பூசி மெழுகினால் நாலு தடவை படித்தாவது கண்டுபிடித்துவிடலாம்.

மார்மன் என்றால் எனக்கு ஒன்றும் தெரியாது. தையல் கூடத்தில் விசாரித்தேன். எனக்கு எதிர் மெஷினில் காலர் தைப்பவள், "அவங்க டீ குடிக்க மாட்டாங்களாம், நாலஞ்சு பொண்டாட்டி கட்டுவாங்களாம்" என்றாள். டீ குடிக்காமல் நீ எப்படியடா உயிரோடு இருக்கிறாய்? காலையில் டீ வரக் கொஞ்சம் தாமதமானால் வீட்டையே இரண்டாக்குவாயே! பெண்டாட்டி சமாச்சாரத்தை நான் நம்பவில்லை. ஒருத்திக்கே உன்னால் வழி பண்ண முடியவில்லை.

அம்மாவுக்குச் செய்தாயிற்று என்று வாய் கூசாமல் எழுதுகிறாய். அம்மாவைக் கேட்டாயா? செத்துப்போனவள் எப்படிப் பதில் சொல்வாள் என்று கேட்பாய். அதைத்தான் நானும் கேட்கிறேன்.

அந்தச் சடங்கில் என்ன செய்வார்கள்? சடங்கு, சடங்கு என்று சுற்றி வளைக்காமல் ஒன்றுவிடாமல் எழுது. என் பிள்ளை பெயரை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்கா,

நீ பதில் போட்டதே பெரிய விஷயம். திட்டியிருந்தாலும் உன் கையெழுத்தைப் பார்த்ததில் எனக்குச் சந்தோஷம்.

டீயை விட்டது முதலில் கஷ்டமாகத்தான் இருந்தது. இப்போது வெந்நீர் குடிக்கிறேன். பல பெண்டாட்டி என்பது பழைய கதை. நூறு வருடத்துக்கு மேலாகக் கிடையாது. இன்று ஒருவன் அப்படிச் செய்தால் சபையைவிட்டே நீக்கிவிடுவார்கள்.

எங்கள் சபைக்குத் தொடக்கம், இருநூறு வருடத்துக்கு முன்னால், ஒரு பதினான்கு வயதுப் பையன். அவனைச் சுற்றி ஆளுக்கொரு சபை, சபைக்கொரு சண்டை. எது உண்மை என்று கேட்பதற்காகக் காட்டுக்குள் போய் முழங்காலிட்டான். கடவுளே தோன்றி, எதிலும் சேராதே என்றார். பிறகு ஒரு தூதன் வந்து, குன்றில் புதைத்திருந்த தங்கத் தகடுகளைக் காட்டினான். வளர்ந்த பிறகு அதிலிருந்து அவர் மொழிபெயர்த்ததுதான் எங்கள் வேதம். சிரிக்காதே அக்கா. நானும் முதலில் சிரித்தவன்தான். ஆனால் இவர்கள் நல்லவர்கள். எங்கள் பிஷப் சம்பளம் வாங்குவதில்லை, அவருக்குத் தொழில் குழாய் ரிப்பேர். எனக்குக் காய்ச்சல் வந்த வாரம் அவர் மனைவி தினமும் சூப் கொண்டுவந்தார். யாரோ பெற்ற பிள்ளை நான்.

சடங்கைச் சொல்கிறேன். கோயிலுக்குள் ஒரு பெரிய தொட்டி இருக்கும். பன்னிரண்டு எருதுச் சிலைகள் அதை முதுகில் தாங்கி நிற்கும். வெள்ளை உடுத்திய ஒரு பெண்பிள்ளை அதில் இறங்குவாள். பொடிசின் பெயரைச் சொல்லி, அவளுக்காக என்று சொல்லி, அந்தப் பிள்ளையை...

முழுதாக மூழ்க வேண்டும் அக்கா. ஒரு முடிகூட மேலே தெரியக் கூடாது. தெரிந்தால் திரும்பச் செய்வார்கள். ஒரு நொடிதான். உடனே தூக்கிவிடுவார்கள்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் முதல் கடிதத்தில் விட்டுவிட்டேன். பொடிசை இது கட்டாயப்படுத்தாது. மறுவுலகில் அவள் ஏற்றுக்கொள்ளலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். அவளுக்கு ஒரு கதவைத் திறந்துவைக்கிறோம், அவ்வளவுதான்.

தம்பி


மார்ச் 20

உடனே தூக்கிவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறாய். அவளையும் தூக்கினார்கள். உடனே இல்லை.

நீச்சல் குளத்தின் தரையிலிருந்து எடுத்த பிள்ளையடா அவள்! பள்ளியிலிருந்து அழைத்துப்போன இடத்தில், அத்தனை பிள்ளைகள் கத்திக் கும்மாளமிட்ட சத்தத்தில், ஒருத்தியின் சத்தம் நின்றுபோனது யாருக்கும் கேட்கவில்லை. அவள் பெயரைச் சொல்லி இன்னொரு வீட்டுப் பிள்ளையைத் தண்ணீரில் முக்க என்னிடமே சம்மதம் கேட்கிறாய். உனக்கு நெஞ்சு என்று ஒன்று இருக்கிறதா? ஒரு முடிகூட வெளியே தெரியக் கூடாதாம். உங்கள் விதிக்குப் பொருந்தும்படி அன்றைக்கே எல்லாம் நடந்துவிட்டது.

இனி எனக்கு எழுதாதே.


ஏப்ரல் 28

தம்பிக்கு,

எழுதாதே என்றேன், நீயும் எழுதவில்லை. எப்போதிலிருந்து என் பேச்சைக் கேட்க ஆரம்பித்தாய்?

கோபம் ஆறவில்லை. ஆனால் என் பிள்ளையை வைத்து ஒரு கூட்டம் ஏதோ நினைக்கிறது என்றால், அது என்ன என்று தெரியாமல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. போனில் தேடித் தேடிப் படித்தேன். கண் எரிகிறது. அந்தப் பையன் தொப்பிக்குள் ஒரு கல்லைப் போட்டு, முகத்தைத் தொப்பிக்குள் புதைத்துக்கொண்டு வேதத்தைச் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள் என்று இருக்கிறது. நீ இதைச் சொல்லவில்லையே? அவருக்கே முப்பது நாற்பது மனைவிகள் என்று உங்கள் சபையே ஒப்புக்கொண்டிருக்கிறது. கறுப்பினத்தவரை நூறு வருடத்துக்கு மேல் கோயிலுக்குள் விடவில்லை, ஆண்களுக்குக் குருத்துவமும் கொடுக்கவில்லை என்று இருக்கிறது. அதையும் நீ சொல்லவில்லை. அவரைச் சிறையில் வைத்தே ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. அது எனக்குப் பாவமாக இருந்தது. யாராக இருந்தாலும் அடைத்துவைத்துச் சுடலாமா?

அதற்குப் பின்னால் அவர் ஆட்கள் ஊர் ஊராக விரட்டப்பட்டு நடந்த கதையையும் படித்தேன். மாடு வாங்க வக்கில்லாதவர்கள் தள்ளுவண்டியில் தட்டுமுட்டுச் சாமானை ஏற்றிக்கொண்டு போனார்களாம். வழியில் பனி பிடித்துக்கொண்டது. தரை இறுகிக் கிடந்ததால் குழிகூட வெட்ட முடியாமல், பிள்ளையைப் பனியிலேயே மூடிவிட்டு மறுநாள் வண்டியைத் தள்ளியிருக்கிறார்கள் பெற்றவர்கள். அந்த இடத்தில் போனைக் கீழே வைத்துவிட்டேன். தங்கத் தகடு எனக்குப் புரியவில்லை. அந்த அம்மாக்கள் மறுநாள் எழுந்து நடப்பதற்கு ஏதோ ஒன்றை நம்பித்தான் ஆகவேண்டியிருந்தது என்பது புரிந்தது.

போன ஞாயிறு உங்கள் ஆட்கள் கூடும் இடத்துக்கே போய்விட்டேன். இந்த ஊரிலும் இருக்கிறார்கள். ஒரு வங்கிக்கு மேல் மாடி, மடக்கு நாற்காலிகள், சிலை கிடையாது, சிலுவை கிடையாது. மீசை முளைக்காத பயல் ஒருவன் சட்டையில் மூப்பர் என்று அட்டை குத்திக்கொண்டு எனக்குக் கை கொடுத்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்துபோய்ப் பேசினார்கள். நம்புகிறேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்றுதான் சொன்னார்கள். எப்படித்தான் தெரியுமோ! இந்தப் பேச்சுக்கெல்லாம் முன்னால் தட்டில் ரொட்டித் துண்டு வந்தது. அடுத்து இன்னொரு தட்டில் சின்னச் சின்னக் கப்பில் தண்ணீர். நான் தொடாமல் பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன். தண்ணீரைக் கையில் எடுக்கும்போது இன்னும் எனக்கு ஒரு மாதிரி ஆகிறது.

பக்கத்தில் இருந்தவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். நான் தள்ளியதைப் பார்த்துவிட்டு, முடிந்ததும் என்னோடு வந்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளைக்கு என்ன வயசும்மா?" என்றார். சொன்னேன்.

"அப்போ அவளுக்கு ஞானஸ்நானமே வேண்டாமே! எட்டு வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைக்குப் பாவமே கிடையாது. அப்படிப் போன பிள்ளை நேரா கடவுள்கிட்டதான் இருக்கும். எட்டு முடியாம யாருக்கும் அந்தத் தண்ணி கிடையாதும்மா. உங்க தம்பிக்கு இது தெரியாம இருக்காதே" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நீ கோயிலில் கொடுத்த விவரத்தில் என் மகளுக்கு என்ன வயது போட்டிருக்கிறாய்?

அக்கா


மே 12

அன்புள்ள அக்கா,

நீ கூட்டத்துக்குப் போனாய் என்று படித்ததும் கிடங்கிலேயே முழங்காலிட்டு நன்றி சொன்னேன். நீ கேட்டதில் எதற்கும் நான் கோபப்படவில்லை. கேட்க வேண்டிய கேள்விகள்தான்.

தொப்பியும் கல்லும் உண்மைதான். எனக்கும் பிறகுதான் தெரியும், பிஷப்பிடம் கேட்டேன். கடவுள் எளிய பொருளை வைத்தும் வேலை வாங்குவார் என்றார். மனைவிகள் விஷயம் எனக்கும் உறுத்தல்தான். அந்தக் காலத்தில் அது கட்டளையாக வந்தது, பிறகு கட்டளையாகவே நிறுத்தப்பட்டது என்கிறார்கள். நான் அதை அலமாரியில் வைத்துவிட்டேன். புரியாததை அலமாரியில் வைப்பது என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. கறுப்பினத்தவர் விஷயமும் உண்மைதான். என் பக்கத்தில் பெட்டி தூக்குபவர் கறுப்பினத்தவர், சபையிலும் கூட இருக்கிறார். ஒருநாள் அவரிடமே கேட்டுவிட்டேன். "அது மனுஷன் செய்த தப்பு, நான் கடவுளைப் பார்க்கத்தானே வந்தேன்" என்றார். தள்ளுவண்டி அம்மாக்களைப் பற்றி நீ எழுதியதைப் பிஷப்பிடம் சொன்னேன், அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வயதைப் பொறுத்தவரை ஆவணத்தில் உள்ளபடிதான் கொடுத்திருக்கிறேன். பள்ளியில் என்ன இருக்கிறதோ அதுதானே முறை.

கணக்கு டீச்சரோடு தொடர்பில் இரு அக்கா. உனக்கு ஒரு துணை ஆயிற்று. மறுபடி போவாயா?

தம்பி


மே 23

தம்பிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கல்லுக்கு நாலு வரி, பெண்டாட்டிகளுக்கு நாலு வரி, உன்னோடு பெட்டி தூக்குபவருக்கு நாலு வரி. என் மகள் வயதுக்கு இரண்டே வரி. அதிலும் வயது இல்லை.

ஆவணம் என்றா சொல்கிறாய்? அந்த ஆவணம் யார் வாயிலிருந்து வந்தது?

அவள் அப்பா எங்களை விட்டுப் போன வருடம். நீ எங்களோடு இருந்தாய். எனக்குக் காலை ஷிப்டு, பிள்ளையைப் பார்க்க ஆள் கிடையாது. ஐந்து முடிந்தால்தான் பள்ளியில் சேர்ப்பார்கள், அவளுக்கு நாலுதான். "யாருக்கு தெரியப்போகுது, ஒரு வருஷம் கூட்டிச் சொல்லிட்டா போச்சு, எல்லாரும் செய்யறதுதானே" என்றாய். பிறப்புச் சான்றிதழ் கேட்காத அந்தப் பள்ளி அலுவலகத்தில், மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, "அஞ்சு முடிஞ்சிருச்சு சார்" என்று நீ சொன்னாய். அவள் உன் மடியில்தான் இருந்தாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். பிள்ளைக்கு இடம் கிடைத்ததே என்று எனக்கு நிம்மதி.

வகுப்பில் எல்லாரையும்விடச் சின்னவள். பொடிசு என்று அவர்கள் வைத்த பெயர்தான் வீட்டுக்கும் வந்தது. நான் பள்ளிச் சீருடை தைப்பவள். கழுத்துப் பட்டியில் ஏழு, எட்டு என்று வயதைப் போட்டுத்தான் அளவு. அவள் வகுப்புக்கே எட்டு வயது அளவு போனபோது, அவளுக்கு ஆறு வயது அளவைத்தான் எடுத்து நீளத்தைக் கொஞ்சம் இறக்கித் தைத்தேன். அந்தக் குளத்தில் போர்டு வைத்திருந்தார்கள். எட்டு முடிந்த பிள்ளைகள் பெரிய பக்கம், மற்றவர்கள் சின்ன பக்கம். டீச்சர் பெயரேட்டைப் பார்த்து அவளைப் பெரிய பக்கம் அனுப்பினார். மற்றப் பிள்ளைகளுக்குக் கழுத்துவரை இருந்த தண்ணீர் இவளுக்குத் தலைக்கு மேல்.

இதெல்லாம் உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இதுவரை நாம் இரண்டு பேரும் வாயைத் திறந்ததில்லை, அவ்வளவுதான்.

இப்போது உன் மதத்தையே வைத்துக் கேட்கிறேன். அவளுக்கு உண்மை வயதைப் போட்டால், உங்கள் கணக்கில் அவள் ஏற்கெனவே கரை சேர்ந்தவள். உன் தொட்டி வேண்டாம், எருது வேண்டாம், நீயும் வேண்டாம். எட்டு என்று போட்டால்தான் அவளுக்கு நீ தேவை. எட்டு என்று போட்டால்தான் அவள் அந்தப் பக்கம் இறங்கியதும் சரி, நீ சொன்னதும் சரி. உன் பொய்யைக் காப்பாற்றுவதற்காக, செத்த பிறகும் அவளைத் திரும்பப் பெரிய பக்கம் அனுப்பப் பார்த்தாய். அப்படித்தானே?

இன்னொன்றும் கேட்கிறேன், மழுப்பாமல் சொல். நீங்கள் நம்புவதெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். என் பொடிசு எனக்குத் திரும்பக் கிடைப்பாளா?

அக்கா


ஜூன் 15

அக்கா,

பல தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

அப்படித்தான். நீ சொன்னது எல்லாமே அப்படித்தான். வேண்டுமென்று திட்டம் போட்டுச் செய்யவில்லை. படிவத்தில் பிறந்த தேதிக் கட்டத்துக்கு வந்தபோது கை தானாகப் பள்ளித் தேதியைப் போட்டது. போட்டபோதே தெரிந்தது. தெரிந்தும் அனுப்பினேன். அவளுக்காக எதையாவது செய்தால்தான் என்னால் தூங்க முடியும் போலிருந்தது. செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்றால் நான் என்ன ஆவேன்?

கோயிலுக்குள் போக ஒரு அனுமதிச் சீட்டு வேண்டும். அதைக் கொடுக்கும் முன் பிஷப் தனியாக உட்காரவைத்துச் சில கேள்விகள் கேட்பார். நீ செய்வதிலெல்லாம் நேர்மையாக இருக்கிறாயா என்பது அதில் ஒன்று. ஆமாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். போன ஞாயிறு அந்தச் சீட்டை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் சீட்டை எடுத்து மேஜை டிராயரில் வைத்தார். பிறகு, "கடவுள் மன்னிப்பார். ஆனா நீ முதல்ல கேட்க வேண்டியது அவர்கிட்ட இல்ல" என்றார். பொடிசின் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். வயதும் நீ சொன்னதுதான் சரி என்று அவரிடம் சொன்னேன்.

நீ கேட்டதற்குப் பதில். அவள் கடவுளிடம் பத்திரமாக இருக்கிறாள் என்றுதான் எங்கள் நம்பிக்கை. ஆனால் அம்மாவும் பிள்ளையுமாக என்றென்றைக்கும் சேர்ந்திருக்க வேண்டுமென்றால் இருவரையும் கோயிலில் இன்னொரு சடங்கால் இணைக்க வேண்டும், முத்திரிப்பது என்போம். அதற்கு நீ சபைக்குள் வர வேண்டும். வராவிட்டால் உன் காலத்துக்குப் பிறகு உன் சார்பில் வேறொருவர் செய்யலாம். மழுப்பாமல் சொல் என்றாய், சொல்லிவிட்டேன்.

என்னை மன்னிப்பாயா அக்கா?

தம்பி


ஜூன் 27

தம்பிக்கு,

அனுமதிச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தாய் என்று படித்தேன். உனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது எனக்குத் தெரியும். குழாய்க்காரர் நல்ல மனிதர். அவரை விட்டுவிடாதே, உன் சபையையும் விட்டுவிடாதே. காய்ச்சல் வந்தால் சூப் கொண்டுவர உனக்கு அங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

நான் வர மாட்டேன். கணக்கு டீச்சர் வீட்டுக்கு இரண்டு முறை போனேன். நல்ல மனுஷி, எனக்காக டீத்தூள் வாங்கிவந்து, தான் குடிக்காத டீயைப் போட்டுக் கொடுத்தார், கண்றாவியாக இருந்தது. அவர் சொல்வதைக் கேட்கும்போது ஆசையாக இருக்கிறது. ஆசையாக இருக்கிறது என்பதற்காக எனக்குத் தெரியும் என்று மைக் முன்னால் நின்று சொல்ல முடியுமா? ஒரு பொய்க்குத் தலையாட்டிவிட்டு நான் படுவது போதும்.

உங்கள் விதியைக் கணக்கு டீச்சரிடம் முழுதாகக் கேட்டுக்கொண்டேன். புருஷன் இருந்தால் புருஷன் சம்மதம், விவாகரத்து ஆகிவிட்டால் அவனுக்கு இடமில்லை, எனக்கு எப்போதோ ஆகிவிட்டது. அடுத்தது பிள்ளை, அடுத்தது பெற்றவர்கள், அடுத்தது கூடப்பிறந்தவர்கள். என் காலத்துக்குப் பிறகு எனக்கு நெருங்கிய உறவு நீ ஒருவன்தான். யாரையும் நீ கேட்க வேண்டியதில்லை. என்னைத் தண்ணீரில் முக்கு, முத்திரி, என்ன வேண்டுமானாலும் செய்துகொள். தடுக்க நான் இருக்க மாட்டேன். அப்படி ஏதாவது இருந்து, அதனால் அவள் என் கைக்கு வந்தால் வரட்டும். நான் உயிரோடு இருக்கும்வரை எங்கள் இரண்டு பேர் பெயரையும் தொடாதே.

மன்னிப்பு கேட்டாய். அந்த மேஜைக்கு முன்னால் நானும்தான் நின்றேன். எனக்கே இன்னும் நான் கொடுத்துக்கொள்ளாததை உனக்கு எங்கிருந்தடா எடுத்துக் கொடுப்பேன்?

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். வயதும் நீ சொன்னதுதான் சரி என்று எழுதியிருக்கிறாய். அந்த வயதை மட்டும் எங்கேயும் எழுதவில்லை. பிஷப்பிடமும் இப்படித்தான் சொல்லியிருப்பாய். கை வரவில்லை போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். எடுக்கிறேன். எடுத்ததும் அக்கா என்று ஆரம்பிக்காதே, அழாதே. அவள் வயதைச் சொல். அன்றைக்கு அந்த மேஜைக்கு முன்னால் சொன்ன அதே வாயால் சொல். நான் கேட்டுக்கொள்கிறேன். அப்புறம் மற்றதைப் பேசலாம்.

அக்கா